ஸ்போர்ட்ஸ் கார் செய்பவர்களுக்கு, அதை வீட்டில் கழற்றி மாட்டுகிற ஒருவரின் திறந்த மடல்

ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனங்களில் எஞ்சினை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், உதிரிபாகப் பிரிவில் இருப்பவர்களுக்கும், எதை விற்பது எதைப் பூட்டுவது என்று முடிவு செய்யும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் முப்பது வருடங்களுக்கு முன்னால் செய்து விற்ற கார்களை நாங்கள் இன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். டொராண்டோவுக்குக் கிழக்கே என் வீட்டு கராஜில் நிற்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. இந்தப் பக்கம் அதை மியாட்டா என்றுதான் சொல்வோம். 1.6 லிட்டர் எஞ்சின், மடக்கும் துணிக் கூரை, சுவிட்சைத் தட்டினால் எழுந்து நிற்கும் முகப்பு விளக்குகள். சனிக்கிழமைகளில் சேர்ந்து வேலை செய்யும் நண்பர்களில் ஒருவரிடம் போர்ஷே 944 இருக்கிறது, இன்னொருவரிடம் ஹோண்டா எஸ்2000. எங்களில் தொழில்முறை மெக்கானிக் ஒருவர்கூடக் கிடையாது. ஒருவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார், ஒருவர் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார், நான் கணக்கு எழுதுகிறவன். ஏப்ரலில் பனியும் உப்பும் சாலையை விட்டுப் போனதும் கார்களை வெளியே எடுப்போம். குளிர்காலம் முழுக்க அவற்றைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்போம்.

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். எங்கள் கார்களை நாங்களே சரிசெய்துகொள்ளும் வழியைப் புதிய மாடல்களில் அடைக்காதீர்கள். ஏன் கேட்கிறேன் என்பதை ஒரு வேலையைச் சொல்லி விளக்குகிறேன். அந்த வேலையை நேரில் பார்த்திருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது.

பழைய மியாட்டா வைத்திருப்பவர்கள் பலர் ஒருநாள் கார் நின்ற இடத்தில் எண்ணெய்த் துளி பார்ப்பார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்திலிருந்து சொட்டும். அந்த இடத்தைப் பார்த்தவுடன் யாருக்கும் தோன்றுவது கிராங்க்ஷாஃப்டின், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டின், பின்பக்க சீல் போய்விட்டது என்பதுதான். அந்த சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்ச்சைக் கழற்ற வேண்டும், ஃபிளைவீலைக் கழற்ற வேண்டும். பேருந்து ஓட்டும் நண்பரின் மியாட்டாவைப் பார்த்துவிட்டு அவருக்கு ஒரு வொர்க்‌ஷாப்பில் இதைத்தான் சொன்னார்கள். சொன்ன தொகையைக் கேட்டு, காரை விற்றுவிடலாமா என்று யோசித்தபடிதான் அவர் எங்களிடம் வந்தார்.

நாங்கள் முதலில் டார்ச்சை எடுத்துக்கொண்டு எஞ்சின் தலைப்பாகத்தின் பின்பக்கம் பார்த்தோம். அங்கே, எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரை ஒட்டி, வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் சுழற்சியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதன் கழுத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங். சூட்டில் வருடக்கணக்காக வெந்து அது பிளாஸ்டிக் போல விறைத்துப்போகும். அப்புறம் எண்ணெய் அதைத் தாண்டிக் கசிந்து, எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, கியர்பாக்ஸ் கூட்டின் மேல் ஓடி, கீழே வந்து சொட்டும். பின் சீல் கசிவதைப் போலவே தெரியும். சென்சாரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட். கழற்றும் முன் சென்சார் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்தக் கோணம்தான் ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை முடிவு செய்கிறது. கை நுழைய இடம் குறைவு. விரல் முட்டி நிச்சயம் உரசும். ஆனால் புதிய ஓ-ரிங்கின் விலை சில டாலர்கள்தான். நண்பர் இன்னும் அந்தக் காரைத்தான் வைத்திருக்கிறார். கியர்பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அந்த வேலையின் இரண்டாம் பாதியைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஓ-ரிங்கை மாற்றியதும் ஸ்பார்க் நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாஸ்டா பொறியாளர்கள் அதற்கு எஞ்சின் அறைக்குள்ளேயே ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்தால் உள்பக்கத்தில் ஒவ்வொரு முனையின் பெயரும் அச்சிட்டிருக்கும். டென் என்ற முனையையும் கிரவுண்ட் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால் கம்ப்யூட்டர் தன் திருத்தங்களை நிறுத்திக்கொண்டு அடிப்படை நேரத்துக்கு வந்து நிற்கும். ஸ்பார்க் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்து, 10 டிகிரியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கோளாறு எதையாவது கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருந்தாலும் இதே பெட்டி வழியாகவே படிக்கலாம். விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணினால் அதுதான் கோளாறின் எண். ஒரு துண்டுக் கம்பி போதும், கடவுச்சொல்லும் சந்தாவும் தேவைப்படவில்லை. 1989இல் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான கார் அது. அந்தப் பெட்டியை அங்கே வைத்த பொறியாளரின் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் கராஜில் அவருக்கு நன்றி சொல்லாத சீசன் இல்லை.

இப்போது உங்கள் புதிய கார்களுக்கு வருகிறேன். பின் பிரேக் பேட் மாற்றுவது நாங்கள் கற்றுக்கொள்கிற முதல் வேலைகளில் ஒன்று. எலெக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் வந்த பிறகு பல கார்களில் ஸ்கேன் கருவி ஆணையிட்டால்தான் காலிப்பர், அதாவது பேடை நெருக்கும் பாகம், பின்வாங்குகிறது. சில கார்களில் புது பேட்டரி போட்டால் அதைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டியிருக்கிறது. பல ஸ்போர்ட்ஸ் கார்களில் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியையே எடுத்துவிட்டீர்கள். எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்பதைத் திரை சொல்லும், அதன் நிறத்தையும் வாடையையும் யார் சொல்வது? கியர் எண்ணெய் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாதது என்று கையேட்டில் அச்சிடுகிறீர்கள். அப்படிச் சொல்லப்பட்ட கியர்பாக்ஸிலிருந்து நாங்கள் வடித்த எண்ணெய் கறுத்து, உலோகத் தூளோடு வந்ததைப் பார்த்திருக்கிறேன். கையேடு சொல்வது யாருடைய ஆயுள் என்று உங்கள் பொறியாளர்கள் எனக்கு நேராகப் பதில் சொன்னால் நன்றாக இருக்கும். முதல் உரிமையாளரின் வாரன்டிக் காலம்தான் அந்த ஆயுள் என்றால் அதையே அச்சிடுங்கள்.

இதற்கு உங்கள் தரப்பில் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். பாதுகாப்பைத்தான் முதலில் சொல்வீர்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2015இல் இரண்டு ஆய்வாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை இணையம் வழியாகத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக் காட்டினார்கள். 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் 2018 வாக்கில் ஃபியட் கிரைஸ்லர் தன் கார்களில் கோளாறு படிக்கும் கருவியைச் செருகும் டயக்னாஸிஸ் துளைக்குப் பின்னால் ஒரு மின்னணுக் கதவைப் போட்டது. ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து விற்கும் புதுக் கார்கள் எல்லாமே சைபர் பாதுகாப்பு விதிக்கு உட்பட வேண்டும். அந்த விதிக்கு ஏற்ப மாற்ற முடியாமல்தான் போர்ஷே 718 காரின் பெரும்பாலான வகைகளின் விற்பனை அங்கே நின்றது. ஆக, கதவு தேவைதான். சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு. காரைப் பணம் கொடுத்து வாங்கியவன் நான், பதிவுச் சான்றிதழ் என் பெயரில் இருக்கிறது, காரின் சாவி என் பையில் இருக்கிறது. என் வங்கிக் கணக்கையே அடையாளம் காட்டித் திறக்க முடிகிற காலத்தில், என் காரின் கோளாறு எண்ணை அழிக்க உரிமையாளன் நான்தான் என்று நிரூபிக்கும் வழியை உங்களால் அமைக்க முடியாதா? தூரத்திலிருந்து இணையம் வழியாக வருகிறவனையும், வண்டிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு வயரைச் செருகுகிறவனையும் ஒரே மாதிரி நடத்தாதீர்கள்.

அடுத்து, பழகாத கைகள் பிரேக்கைத் தொட்டால் ஆபத்து என்பீர்கள். இதில் நீங்கள் எங்களைப் பற்றி நினைப்பதற்கும் கராஜில் நடப்பதற்கும் தூரம் அதிகம். ஜாக்கை மட்டும் நம்பி எவரும் காருக்கு அடியில் போகக் கூடாது, தாங்கிகள் வைத்து, காரை உலுக்கிப் பார்த்த பிறகுதான் அடியில் போக வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவோம். ஒருவர் பிரேக் வேலை செய்தால் இன்னொருவர் ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுச் சரிபார்ப்பார். ஏர்பேக்கையும் ஹைப்ரிட் கார்களின் உயர் மின்னழுத்தப் பகுதியையும் தொட மாட்டோம், அதற்குப் பயிற்சி பெற்றவர்களிடம் அனுப்பிவிடுவோம்.

ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதே மியாட்டாவின் பின் காலிப்பரையே பாருங்கள். அதில் ஹேண்ட் பிரேக்கின் திருகு காலிப்பருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் பேட் மாற்றும்போது பிஸ்டனை முன் காலிப்பரைப் போலக் கிளாம்ப் வைத்து நெருக்கக் கூடாது. நெருக்கினால் உள்ளே இருக்கும் அமைப்பு பாழாகும். காலிப்பரின் பின்னால் ஒரு மூடி போல்ட் உண்டு. அதைக் கழற்றி, உள்ளே ஒரு சின்ன ஆலன் சாவியை விட்டுத் திருப்பினால் பிஸ்டன் அழகாகப் பின்னே போகும். மேனுவலைப் படித்தவருக்கு இது மிக எளிய வேலை. படிக்காதவர் முழு பலத்தையும் போட்டு நெருக்குவார். இரண்டு பேருக்கும் கை ஒன்றுதான். ஒருவருக்கு ஒரு பக்கத் தகவல் கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. சக்கர நட்டுகளும் அப்படித்தான். அந்தக் காருக்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர் என்று மேனுவலில் இருக்கிறது. தெரிந்தவர் டார்க் ரெஞ்ச்சில் அந்த அளவை வைத்துக் ‘கிளிக்’ என்று நிறுத்துகிறார். தெரியாதவர் காலால் மிதித்து இறுக்குகிறார், ஸ்டட் நீள்கிறது. நீங்கள் தகவலை ஒளித்து வைப்பதால் யாரும் வேலை செய்வதை நிறுத்தப் போவதில்லை. குருட்டுத்தனமாகச் செய்வார்கள், அவ்வளவுதான்.

அறிவு ஒருவழியாக மட்டும் ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் கார்களைப் பற்றி நாங்களும் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறோம். 1990, 91 வாக்கில் வந்த ஆரம்பகால 1.6 எஞ்சின்களில் கிராங்க்ஷாஃப்டின் மூக்கு, அதாவது புல்லி மாட்டும் முன்முனை, குட்டையாக இருந்தது. கிராங்க்ஷாஃப்டையும் கேம் தண்டுகளையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும்போது நடுப் போல்ட்டைச் சரியாக இறுக்காவிட்டால் புல்லி ஆட ஆரம்பிக்கும், புல்லியைத் தண்டோடு பூட்டும் சாவிக்கட்டை உட்காரும் பள்ளம் தேயும், எஞ்சின் மெல்ல மெல்ல பலமிழக்கும். கிராங்க்ஷாஃப்டையே மாற்றுவதுதான் முறைப்படியான தீர்வு, அதாவது எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டும். மாஸ்டா பின்னர் மூக்கை நீளமாக்கிவிட்டது, ஆனால் ஏற்கெனவே சாலையில் இருந்த கார்கள் என்ன ஆவது? தேய்ந்த பள்ளத்தை லாக்டைட் பசையால் நிரப்பி, கட்டையை நேராக உட்கார வைத்து, நிதானமாகக் காயவிடும் முறையை உரிமையாளர்கள் செய்து பார்த்து, படம் எடுத்து, படிப்படியாக எழுதி, மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். எந்த எஞ்சின் எது என்று வெளியிலிருந்தே அறிய, புல்லியின் நடுவில் தெரியும் வெட்டுகளை எண்ணினால் போதும் என்பதும் அப்படிப் பரவியதுதான். நான்கு என்றால் குட்டை மூக்கு, எட்டு என்றால் நீள மூக்கு. எந்தச் சம்பளமும் வாங்காமல் செய்தார்கள். குப்பைக்குப் போயிருக்க வேண்டிய எஞ்சின்கள் அப்படித்தான் பிழைத்தன.

944 வைத்திருக்கும் நண்பரின் கதை வேறு. அந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும், மியாட்டாவைப் போலப் புது பெல்ட் போட்டுக் கிளம்பிவிட முடியாது. பெல்ட்டின் இழுவிசையை அளக்க போர்ஷே ஒரு தனிக் கருவியே வைத்திருந்தது, விலை அதிகம். அது போன்ற கருவிகளை ஒருவர் வாங்குவார், வேண்டியவரெல்லாம் எடுத்துப் பயன்படுத்துவோம். கருவியோடு அதைப் பிடிக்கத் தெரிந்தவரும் கூடவே வருவார். கிடைக்கிற சாப்பாட்டை எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம், வடித்த எண்ணெயைக் கேனில் நிரப்பி, திரும்ப எடுத்துக்கொள்ளும் கடையில் கொண்டுபோய்க் கொடுப்போம்.

ஒரு சின்ன விஷயம். பழைய மியாட்டாக்களைக் கொல்வது எஞ்சினை விட அதிகமாகத் துருதான். கூரைமேல் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள வடிகால்கள் வழியாகக் கீழே போக வேண்டும். இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பக்கவாட்டுப் பெட்டிக்குள் தேங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் தகட்டை உள்ளிருந்தே தின்னும். ஒரு பாட்டில் தண்ணீரை மெல்ல ஊற்றி, அது கீழே வருகிறதா என்று குனிந்து பார்த்தால் போதும். எந்த வொர்க்‌ஷாப் பில்லிலும் இந்த வேலையை நான் பார்த்ததில்லை. காரை நேசிக்கிறவர்தான் குனிந்து பார்ப்பார்.

அப்படிக் குனிந்து பார்த்தவர்களால் உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்டால், கணக்கு எழுதுகிறவன் என்ற முறையிலேயே சொல்கிறேன். 2017இல் மாஸ்டா முதல் தலைமுறை எம்எக்ஸ்-5க்கு ஜப்பானில் மறுசீரமைப்புச் சேவையை அறிவித்தது. துணிக் கூரை, நார்டி மர ஸ்டியரிங், கியர் குமிழ், அந்தக் காலத்து வடிவ பிரிட்ஜ்ஸ்டோன் டயர் எல்லாம் மறுபடி தயாரானது. அதே வருடம் டிசம்பரில் நிஸ்ஸான் தன் ஆர்32 ஜிடி-ஆர் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பழைய பாகங்களைத் தன் பந்தயப் பிரிவான நிஸ்மோ பெயரில் விற்க ஆரம்பித்தது. டொயோட்டா 2020இல் பழைய சுப்ராக்களுக்கு இதையே செய்தது. இந்தப் பாகங்களை வாங்க ஆள் இருந்தது எப்படி? எம்எக்ஸ்-5 உற்பத்தி பத்து லட்சத்தைத் தொட்டது 2016இல். அதன் ஆண்டு விழாக்களில் நீங்கள் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கும் முதல் தலைமுறைக் கார்களின் சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், கடைசியாக கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரை மாற்றியது யார் என்று. கடைசியாக ரேடியேட்டரின் மேல் தொட்டி பழுப்பாகிவிட்டதைக் கண்டு, வெடிக்கும் முன்னே மாற்றியது யார் என்று. பலரும் தங்கள் பெயரையோ நண்பர் பெயரையோ சொல்வார்கள். வொர்க்‌ஷாப் கட்டணத்தைக் கொடுத்து மட்டுமே அவற்றை வைத்திருக்க முடியும் என்றிருந்தால், மதிப்பு விழுந்து கிடந்த வருடங்களிலேயே அவை நசுக்கும் எந்திரத்துக்குப் போயிருக்கும்.

மறுதயாரிப்பு நல்ல தொடக்கம், மனதார வரவேற்கிறேன். ஆனால் மர ஸ்டியரிங்குக்கு முன்னால் எங்களுக்கு ரப்பர் வேண்டும். ஹீட்டர் குழாய், கதவு ஓர ரப்பர், பத்து டாலர் சீல், ஒரு பிளாஸ்டிக் கொக்கி. பழைய கார்கள் இவை இல்லாமல்தான் முடங்குகின்றன. இப்போது நீங்கள் செய்வது வேறு மாதிரி இருக்கிறது. எல்.இ.டி. முகப்பு விளக்கில் பொருத்தும் காது ஒன்று உடைந்தாலும் விளக்கை முழுதாக வாங்கச் சொல்கிறீர்கள். சீல் போனால் சீலைக் கொடுங்கள்.

சட்டம் ஏற்கெனவே இந்தப் பக்கம்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது. மாசசூசெட்ஸ் மக்கள் 2012இலும் 2020இலும் பெருவாரியாக வாக்களித்து, பழுதுபார்க்கும் தகவலைத் தரச் சொன்னார்கள். அமெரிக்கப் பதிப்புரிமை விதிகளில் 2015இல், தன் வாகனத்தைச் சரிசெய்ய மென்பொருள் பூட்டைத் திறப்பதற்கு விலக்கு தரப்பட்டது. இங்கே கனடாவில் 2024 நவம்பரில் அதே போன்ற திருத்தம் சட்டமானது. நான் பிறந்த இந்தியாவில் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டிலேயே 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் போட்டு, உதிரிபாகத்தையும் டயக்னாஸிஸ் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யும்படி ஆணையிட்டது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது வேறு கதை. ஆனால் பூட்டைத் திறக்க எனக்கு உரிமை உண்டு என்று சட்டம் சொல்வதும், திறக்கும் சாவி என் கையில் கிடைப்பதும் ஒன்றில்லை. சட்டத்தால் ஒரு ஓ-ரிங்கை வார்த்துத் தர முடியாது. அதை நீங்கள்தான் தர வேண்டும்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை போன வருடம் இப்போதைய தலைமுறை எம்எக்ஸ்-5 வாங்கினாள். முப்பது வருடம் வைத்திருப்பேன் என்கிறாள். வாரன்டி முடிந்ததும் எந்தெந்த வேலையைத் தானே செய்யலாம் என்று எங்களிடம் பட்டியல் கேட்டாள். எண்ணெய், பிரேக், பிளக், கியர் எண்ணெய் வரை எளிதாக எழுதிக்கொடுத்தோம். கம்ப்யூட்டர் பக்கம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. இன்றைக்கு முடிகிறது, பத்து வருடம் கழித்து அந்த மென்பொருளை யார் தருவார்கள் என்று எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு மாடலின் உற்பத்தியை நிறுத்தும்போது அதன் வொர்க்‌ஷாப் மேனுவலையும் வயரிங் வரைபடங்களையும் டயக்னாஸிஸ் மென்பொருளின் கடைசிப் பதிப்பையும் உரிமையாளர்களுக்கு நியாயமான விலையில் கொடுத்துவிடுவோம் என்று இப்போதே எழுத்தில் சொல்லுங்கள். இலவசமாகக் கேட்கவில்லை. டெஸ்லா தன் சர்வீஸ் மேனுவலை எவரும் படிக்கும்படி திறந்தே வைத்திருக்கிறது. அந்த அளவுக்குப் போக உங்களுக்குத் தயக்கம் இருந்தால், காசு வாங்கிக்கொண்டே கொடுங்கள், நாங்கள் தருகிறோம்.

இன்னொன்றும் கேட்கிறேன். அடுத்த காரை வரையும் இளம் பொறியாளர்களில் யாரையாவது ஒரு சனிக்கிழமை எங்களைப் போன்ற ஒரு கராஜுக்கு அனுப்பிவையுங்கள். எங்களிடம்தான் வர வேண்டும் என்றில்லை, உங்கள் ஊரிலேயே தேடினால் கிடைப்பார்கள். தான் வரைந்த போல்ட்டுக்கு ஸ்பேனர் எட்டுகிறதா என்று அவரே படுத்துப் பார்க்கட்டும். எங்களிடமே வருவதென்றால் மார்ச் மாதம் தோது, கார்கள் எல்லாம் இன்னும் தாங்கியின் மேல் இருக்கும். ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் போதும், ஒரு டைமிங் பெல்ட் வேலையை அவருக்காக எடுத்து வைக்கிறோம். பழைய சட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பழைய மியாட்டா வைத்திருக்கும் ஒருவர்,
டொராண்டோ